அளவுச் சாடி

சினான்டேகா ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை
மூத்திரம் அளப்பது.
வார்டில் என்னை லிட்டர்க்காரி என்பார்கள்.
கோபித்துக்கொள்வதில்லை.
ஆலை எடைமேடையில் நிற்பவனை
டன்காரன் என்றுதானே கூப்பிடுகிறோம்.

எரிமலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறுவதற்குள்
இருபத்திரண்டு சாடிகளையும்
ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிடுவேன்.
சோளநாரின் மஞ்சள். குழாய்த் துருவின் மஞ்சள்.
ஒன்று கட்டன் காப்பி.
நுரைத்திருந்தால் நுரை என்று எழுதுவேன்.
அமாரிலிஸ் டாக்டர் அதை அடித்துவிட்டு
புரோட்டீனூரியா என்று எழுதுவார்.
நீர் பிரிந்ததா என்று கேட்பதுவரைதான் என் பாடு.
வேறெது பிரிந்தாலும்
அதை எழுத வேறு ஆள், வேறு காகிதம்.

காதில் விழுந்து விழுந்தே எனக்குப் பாடமாயிற்று.
ஒரு நாளைக்கு நானூறு மில்லிக்குக் கீழே என்றால்
ஒலிகூரியா.
நூறுகூடத் தேறாவிட்டால் அனூரியா.
மூன்று லிட்டர் தாண்டி ஓடினால் பாலியூரியா.
ராத்திரி தூக்கத்தைக் கிழித்து எழுப்பினால் நாக்டூரியா,
எரிந்தால் டிஸ்யூரியா,
சிவந்தால் ஹெமட்டூரியா.
ஒரு மத்தியானம் சும்மா சொல்லிக் காட்டினேன்.
எல்லாமே யூரியாதானா என்றான்
ஏழாம் கட்டில் எலெயூத்தேரியோ.
பதினாறு வயசிலிருந்து
அதைத்தானே மூட்டை மூட்டையாய்ச் சுமந்து
கரும்புக்கு வீசினேன்.
வார்டே சிரித்தது.
சிரித்த சிரிப்பில் பன்னிரண்டாம் கட்டில் கிழவருக்கு
அடைத்திருந்தது கொஞ்சம் இளகி வந்தது.
நாற்பது மில்லி. குறித்துக்கொண்டேன்.

வெட்டுக்காலத்தில் அவன் ஒரு நாளில் ஆறு டன் சாய்ப்பான்.
எரித்த கரும்பு, கரிப்புழுதி,
நிழலே விழாத பதினோரு மணி.
குடித்த தண்ணீர் சட்டையிலேயே காய்ந்து உப்பாகிவிடும்.
ஒன்றுக்கு ஒதுங்கினால் வரிசை பிந்தும்,
வரிசை பிந்தினால் கூலி பிந்தும்.
வராமலிருந்தால் நல்லது என்றே
பல வருஷம் நினைத்திருக்கிறான்.
இப்போது முப்பத்திரண்டு வயது.

வந்த அன்று எழுநூற்று இருபது.
மறுநாள் முந்நூற்றுப் பத்து.
அன்று நள்ளிரவு அவன் மனைவி பெர்ஃபெக்தா
கை கழுவும் குழாயைத் திறந்துவிட்டாள்,
ஓடுகிற சத்தம் கேட்டால் வருமென்று.
வார்டில் எல்லோருக்கும் வந்தது.
நான் ஒற்றை ஆளாய்ச் சாடி மாற்றி ஓடினேன்.
அவன் குழாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

மூன்றாம் நாள் காலை
ஏழாம் எண் சாடியில் நானூற்றுப் பத்து இருந்தது.
எடுத்தேன். கண்ணாடி சில்லென்றிருந்தது.
கோடைக் குளத்தில் மழை விழுந்த மாதிரி
வெளிறிக் கிடந்தது நிறம்.

பெர்ஃபெக்தா தரையைப் பார்த்தாள்.
நானூறு என்ற எண்ணை அவளுக்குச் சொன்னது யார்?
சிரிப்புக் காட்டுகிறேன் என்று நான்தான்.
அதோடு ஒரு பத்தும் சேர்த்திருக்கிறாள்,
நம்பும்படியாக.

பேனா கையில் இருந்தது. டாக்டர் இன்னும் வரவில்லை.
எழுதியிருக்கலாம்.
ஒரே ஒரு நாளாவது
அவன் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றிருப்பான்.

நிஜமாக எவ்வளவு இருந்தது என்று கேட்டேன்.
சாடியின் அடியில் வைத்து விரல் காட்டினாள்.
ஒரு விரல். அதுவும் முழுசாக இல்லை.
அறுபது என்று எழுதினேன்.
மீதியைக் கொட்டி, சாடியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

டாக்டர் வந்தார், பார்த்தார்,
மானாகுவாவுக்கு ஆம்புலன்ஸ் சொல்லச் சொன்னார்.
மெஷின் அங்கேதான் காலியாம்.

துணிப்பையில் செருப்பைத் திணித்துக்கொண்டே
பெர்ஃபெக்தா என்னிடம் வந்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
மாமியாரிடம் சொல்ல வேண்டும்,
இதற்கு என்ன பெயர், இன்னொரு தரம் சொல்லு என்றாள்.

அனூரியா.

மெதுவாக வாயில் போட்டுப் பார்த்தாள்.
எங்கள் தெருவில் ஒரு நூரியா இருக்கிறாள்,
டோர்ட்டியா சுட்டு விற்கிறவள்,
அவள் பெயர் மாதிரியே இருக்கிறது என்றாள்.
நல்லவள். எனக்குக் கடன்கூடக் கொடுப்பாள்.